சென்னையில் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர்.: வாங்குவதிலிருந்து செயற்கைக்கோள் படம் வரை

ஐரோப்பிய நாடுகளில் தரைவழி டிஜிட்டல் டி.வி. பார்ப்பதற்காகக் கணினியில் செருகும் சின்ன யூ.எஸ்.பி. டாங்கிள்கள் விற்றார்கள். அவற்றுள் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்.டி.எல்.2832யு என்ற சில்லு இருந்தது. அந்தச் சில்லு, காற்றில் வரும் அலையை அப்படியே எண்களாக்கிக் கணினிக்குத் தள்ளிவிடும் என்பது 2012இல் பரவலாகத் தெரியவந்தது. எண்களாக வந்துவிட்டால் எஃப்.எம்., ஏ.எம்., செயற்கைக்கோள் படம் எதுவானாலும் பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை. குறைந்த செலவில் எஸ்.டி.ஆர். (மென்பொருளே அலையைப் பிரித்தெடுக்கும் வானொலி) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை இது கேட்கும். ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் பார்க்கலாம். இது அலையை உள்வாங்கும் கருவி மட்டுமே, எதையும் ஒலிபரப்பாது. ஒலிபரப்பவும் கூடிய விலை உயர்ந்த கருவிகளும் சந்தையில் உண்டு. முதல் கருவியாக அவற்றைத் தொட வேண்டாம். அனுப்புவதற்கு உரிமம் வேண்டும். தெரியாமல் அழுத்திய ஒரு பொத்தான் பிறருடைய தொடர்பைக் கெடுத்துவிடும்.

சட்டத்தையும் முதலிலேயே பேசிவிடலாம். நம் நாட்டில் வானொலிக் கருவிகளை 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. எல்லோருக்குமாக அனுப்பப்படுகிற வானொலி நிலையங்கள், ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களின் உரையாடல்கள், வானிலைச் செயற்கைக்கோள்கள், விமானங்கள் தாமே அறிவிக்கும் இருப்பிடத் தகவல் ஆகியவற்றோடு நில்லுங்கள். போலீஸ், கடலோரக் காவல், தனியார் வாக்கி டாக்கி பக்கம் போகாதீர்கள். தேடும்போது தற்செயலாகக் காதில் விழுந்தாலும் பதிவு செய்யாதீர்கள், பகிராதீர்கள்.

வாங்குவது

தொடங்குபவர்களுக்குச் சரியான தேர்வு ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். பிளாக் வி3 அல்லது வி4. இரண்டிலும் உலோக உறை, எஸ்.எம்.ஏ. என்ற திருகு இணைப்பு, அதிர்வெண்ணை நிர்ணயிக்கும், சூட்டில் அதிகம் நகராத 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கிறிஸ்டல் உண்டு. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு சிற்றலையில்தான். வி4 சிற்றலையை உள்ளேயே உயர்ந்த அதிர்வெண்ணுக்குத் தூக்கி மாற்றிக்கொள்கிறது; வி3 நேரடியாக மாதிரி எடுக்கிறது. பெயர் ஒட்டிய போலிகள் நிறைய வருகின்றன. இணைய அங்காடியில் விற்பவர் யார் என்று பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

இன்னும் மலிவான பிளாஸ்டிக் டாங்கிளும் வேலை செய்யும். ஆனால் அதன் எம்.சி.எக்ஸ். இணைப்பு மெல்லியது, நாலைந்து முறை இழுத்தாலே தளர்ந்துவிடும். அதன் கிறிஸ்டல் பத்துக் கணக்கான பி.பி.எம். தவறிக் காட்டும். 50 பி.பி.எம். தவறு என்றால் 100 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோஹெர்ட்ஸ், 1,000 மெகாஹெர்ட்ஸில் 50 கிலோஹெர்ட்ஸ் விலகல். எஃப்.எம். கேட்க அது பொருட்டில்லை. குறுகிய ஹாம் அலைகளைத் தேடும்போதோ நிலையம் சொன்ன இடத்தில் இருக்காது.

நீட்டிச் சுருக்கும் கம்பிகளும் முக்காலியும் கொண்ட டைபோல் ஆன்டெனாவோடு சேர்த்து வாங்குங்கள். அதில் ஒரு மீட்டர் வரை நீளும் பெரிய ஜோடியும் 13 சென்டிமீட்டர் வரை நீளும் சிறிய ஜோடியும் இருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றுக்கும், சிற்றலை தவிர, அதுவே போதும்.

மற்றவை மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர், கேபிள் டி.வி.க்கு இழுக்கிற ஆர்.ஜி.6 வயர் 10 மீட்டர், அதற்கு எஃப் கனெக்டர்கள், எஃப்-இலிருந்து எஸ்.எம்.ஏ.வுக்கு மாற்றும் அடாப்டர், வயரில் கவ்வி இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் இரண்டு. அடாப்டர் வாங்கும்போது கடையிலேயே நடுப்புறத்தைப் பாருங்கள். டாங்கிளின் நடுவில் ஓட்டை. ஆகவே செருகுவதில் ஊசி இருக்க வேண்டும். வைஃபை ரவுட்டர் ஆன்டெனாக்களில் வருவது ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. வெளி மரை ஒன்றேபோல இருப்பதால் அழகாகத் திருகி உட்கார்ந்துவிடும், ஆனால் உள்ளே ஊசி இல்லை. திருகி முடித்துவிட்டு எதுவுமே கேட்கவில்லை என்று டாங்கிளைத் திருப்பி அனுப்பியவர்கள் பலர்.

ஆர்.ஜி.6 என்பது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் என்று யாராவது தடுத்தால் கவலை வேண்டாம். அந்தப் பொருத்தமின்மையால் போவது சுமார் 0.2 டெசிபெல்தான். ஆன்டெனாவோடு வரும் மெல்லிய கறுப்பு வயரோ 1,000 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவில் தின்றுவிடும். நீளம் வேண்டுமென்றால் ஆர்.ஜி.6தான்.

கணினியில் ஏற்றுவது

விண்டோஸில் டாங்கிளைச் செருகியதும் அது டி.வி. டிரைவரைத் தேடி ஏற்றிக்கொள்ளும். அதை மாற்ற ஜாடிக் என்ற சிறு நிரல் வேண்டும். நிர்வாகி உரிமையோடு திறந்து, ஆப்ஷன்ஸ் பட்டியலில் எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். பட்டியலில் ‘பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0’ என்று வருவதைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் வின்-யூ.எஸ்.பி. என்று இருக்கிறதா பார்த்து, மாற்றும் பொத்தானை அழுத்துங்கள். இங்கே அவசரம் ஆகாது. அதே பட்டியலில் உங்கள் மவுஸ், கீபோர்டு, வெப்கேம் எல்லாம் இருக்கும். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் அது வேலை செய்யாமல் போய்விடும். வேறு யூ.எஸ்.பி. துளைக்கு டாங்கிளை மாற்றினால் ஜாடிக்கை மறுபடி ஓட்ட வேண்டி வரலாம்.

லினக்ஸில் சிக்கல் வேறு மாதிரி. கெர்னல் தானாகவே டி.வி. மாட்யூலை ஏற்றிக் கருவியைப் பிடித்துக்கொள்ளும். நிரல் திறக்கும்போது இன்டர்ஃபேஸைப் பிடிக்க முடியவில்லை என்று -6 எண்ணோடு பிழை வந்தால் காரணம் இதுதான். அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்த்து மறுதொடக்கம் செய்தால் சரியாகும்.

கேட்கும் நிரலாக எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரே முகம். வி4 வாங்கியவர்கள் நிரலும் டிரைவரும் புதியவையா என்று உறுதி செய்யுங்கள். பழைய டிரைவரில் வி4 உயிரோடு இருப்பதுபோலத் தெரியும், ஆனால் எங்கே திருப்பினாலும் வெறும் இரைச்சல்தான் வரும்.

முதல் ஒலி

தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். சென்னையில் எஃப்.எம். நிலையங்களுக்குப் பஞ்சமில்லை: சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, அகில இந்திய வானொலியின் ரெயின்போ 101.4, ஹலோ 106.4. அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 90.4இல் இருக்கிறது. 2004இல் தொடங்கிய அது வலுக்குறைந்த நிலையம். கிண்டியிலிருந்து தள்ளியிருப்பவர்கள் தங்கள் ஆன்டெனாவை எடைபோட நல்ல அளவுகோல்.

ஆன்டெனாவின் பெரிய கம்பிகள் இரண்டையும் 72 சென்டிமீட்டருக்கு நீட்டி, செங்குத்தாக ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிறுத்துங்கள். இந்த நீளம் வந்த வழி எளிது: 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும், அதில் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸ் ஹாம் அலைக்கு 49 சென்டிமீட்டர், 1,090க்கு ஆறரை சென்டிமீட்டர். எந்த அலைக்குப் போனாலும் ஏறத்தாழ இதே கணக்குதான்.

நிரலில் சோர்ஸ் என்ற இடத்தில் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். தேர்ந்தெடுத்து, சாம்பிள் ரேட் (நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை) 2.4 மெகாஹெர்ட்ஸ் வைத்து, பிளே அழுத்துங்கள். 98.3க்குத் திருப்பி, பிரிக்கும் முறையை டபிள்யூ.எஃப்.எம். (அகல எஃப்.எம்.) ஆக்குங்கள். மேலே மலைபோல ஒரு மேடு, கீழே ஓடும் வாட்டர்ஃபாலில் அகலமான வெளிச்சப் பட்டை. மேட்டின் நடுவில் கோட்டை வைத்தால் பாட்டு வரும். சாம்பிள் ரேட்டை 3.2க்கு ஏற்றினால் அகலம் கூடும் என்று ஆசை வரும். அந்த வேகத்தில் யூ.எஸ்.பி. மாதிரிகளை விட்டுவிட்டு அனுப்பும், ஒலி வெட்டி வெட்டி வரும். 2.4இலேயே நில்லுங்கள்.

கெயின்: எல்லாம் இங்கேதான் கெடுகிறது

டாங்கிளில் ஆன்டெனா சமிக்ஞையைப் பெருக்கும் கெயின், 0 முதல் 49.6 டெசிபெல் வரை படிப்படியாக ஏறும். புதியவர்கள் செய்யும் முதல் காரியம் அதை உச்சத்துக்கு ஏற்றுவது. சென்னைக்குள் அது அநேகமாக எப்போதும் தவறு.

காரணம், இந்தச் சில்லு அலையை அளக்கும் அளவுகோல் வெறும் 8 பிட். அதாவது 256 படிகள். பக்கத்தில் இருக்கும் வலுவான எஃப்.எம். நிலையம் ஒன்றே அந்தப் படிகளையெல்லாம் நிரப்பிவிட்டால், மெலிந்த சமிக்ஞைக்கு ஒரு படிகூட மிஞ்சாது. அதற்கு முன்னாலேயே டியூனருக்குள் இரண்டு வலுவான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்தில் மூன்றாவதாக ஒரு பொய் நிலையத்தை உண்டாக்கும். 137இலோ 145இலோ திருப்பும்போது சினிமாப் பாட்டு கேட்டால், அது அங்கே ஒலிபரப்பாகவில்லை. உங்கள் டாங்கிளுக்குள்தான் பிறந்திருக்கிறது.

முதலில் கெயினைத் தானாக மாற்றும் டியூனர் ஏ.ஜி.சி., ஆர்.டி.எல். ஏ.ஜி.சி. இரண்டு பெட்டிகளிலும் குறியை எடுத்துவிடுங்கள். கெயினைச் சுழியத்துக்கு இறக்குங்கள். நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில் இரைச்சல் தரையின் (எப்போதும் இருக்கும் அடிமட்ட இரைச்சலின்) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முதலில் நிலையங்கள் உயரும், தரை அசையாது. ஒரு கட்டத்தில் தரையும் மெல்ல ஏறத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். காதுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது. திடீரென்று தரை முழுவதும் குதித்து, புதுப்புது மேடுகள் முளைத்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்; இரண்டு மூன்று படி இறங்குங்கள்.

ஒரு மேடு நிஜமா பொய்யா என்று சந்தேகம் வந்தால் கெயினை 3 டெசிபெல் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். நிஜம் என்றால் மேடும் 3 டெசிபெல்தான் இறங்கும். கலப்பில் பிறந்தது என்றால் 9 டெசிபெல் அளவுக்குச் சரிந்துவிடும். இந்த ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொண்டால் பல நாள் வீண் தேடல் மிச்சம்.

ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்குக் கெயினைக் குறைத்தும் தீராது. அவர்கள் 88 முதல் 108 வரை தடுக்கும் எஃப்.எம். தடுப்பு வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் போட வேண்டும். பெருக்கி வாங்கச் செலவிடுவதற்கு முன் இதற்குச் செலவிடுங்கள். வடிகட்டி இல்லாமல் பெருக்கி போட்டால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல்தான்.

வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல்

அடுத்த எதிரி உங்கள் வீடு. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், செட்டாப் பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாமே அலைகளைக் கக்குகின்றன. வாட்டர்ஃபாலில் சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் அணிவகுத்து நின்றால், அல்லது மங்கலான பட்டைகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால், அவை இந்தச் சாதனங்கள்தான்.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். பாதிப் பேருக்குப் பாதி இரைச்சல் இதிலேயே போய்விடும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து வாட்டர்ஃபாலைக் கவனித்து, ஒவ்வோர் அறையாக மறுபடி போட்டு வாருங்கள்; எந்த அறை வரும்போது கோடுகள் திரும்புகின்றனவோ அங்கே தேடுங்கள். தெரு முழுக்கக் கரண்ட் போகும் நேரம் கிடைத்தால் விடாதீர்கள். பக்கத்து வீட்டு இரைச்சல் எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும். ஆனால் உங்கள் வீட்டு இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள். அதுவே பெரிய சத்தக்காரன்.

டாங்கிளை மடிக்கணினியில் நேரடியாகச் செருகாமல் யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். வயரின் இரு முனையிலும் ஃபெரைட் கவ்வுங்கள். நீல நிற யூ.எஸ்.பி. 3 துளையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

ஆன்டெனாவின் இடம் எல்லாவற்றையும் விட முக்கியம். கான்கிரீட் அடுக்ககத்தில், இரும்புக் கிராதி போட்ட ஜன்னலுக்கு உட்புறம் வைத்த ஆன்டெனா கூண்டுக்குள் இருப்பதற்குச் சமம். கிராதிக்கு வெளியே ஒரு முழம் நீட்டினாலே வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மொட்டை மாடிக்கு ஏறினால் அது வேறு உலகம்.

மாடியில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மின்வாரிய வயர் போகும் பக்கம் ஆன்டெனாவோ இரும்புக் குழாயோ கொண்டு போகாதீர்கள். குழாய் முழு நீளத்துக்குச் சாய்ந்தாலும் வயரைத் தொடாத தூரம் வேண்டும். பி.வி.சி. குழாய் போதும். இரண்டாவது, இடி. சித்திரை வைகாசியின் மாலை மழையிலும் ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையிலும் ஆன்டெனாவைக் கீழே இறக்கிவிடுங்கள். வயரைக் கணினியிலிருந்து கழற்றி வெளியே போடுங்கள். மூன்றாவது, உப்புக் காற்று. திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற கரையோரங்களில் மூடாத எஃப் கனெக்டர் சில மாதங்களில் பச்சை பிடித்துவிடும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இணைப்பின் மேல் இழுத்துச் சுற்றுங்கள். டாங்கிளைக் கத்திரி வெயிலில் விடாதீர்கள். உறை சுடுவது இயல்புதான். ஆனால் அதிகச் சூட்டில் 1,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே டியூனர் அதிர்வெண்ணைப் பிடித்து நிற்க முடியாமல் போகும்.

விமானங்களின் இருப்பிடம்

பயணிகள் விமானங்கள் தங்கள் உயரத்தையும் இடத்தையும் 1,090 மெகாஹெர்ட்ஸில் நொடிதோறும் அறிவிக்கின்றன. டம்ப் 1090 என்ற நிரல் அதைப் படித்து வரைபடத்தில் போட்டுவிடும். சிறிய கம்பி ஜோடியை ஆறரை சென்டிமீட்டருக்குச் சுருக்கி, செங்குத்தாக வைத்து, வயரை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். இங்கே கெயினைச் சற்றுத் தாராளமாக ஏற்றலாம்.

மீனம்பாக்கத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஜன்னல் ஆன்டெனாவிலேயே கொத்துக் கொத்தாக விமானங்கள் வரும். மாடிக்குப் போனால் எல்லை பூமியின் வளைவுதான்: 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் ஏறத்தாழ 410 கிலோமீட்டர் வரை நேர்கோட்டில் தெரியும். பெங்களூருக்கு மேலே போவதையும் பிடிக்க இடமுண்டு. ஒரு திசையில் மட்டும் விமானங்களே வராவிட்டால், அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியோ உயர்ந்த கட்டடமோ மறைக்கிறது என்று பொருள்.

சிற்றலையும் மத்திய அலையும்

ஐந்து முதல் பத்து மீட்டர் மெல்லிய வயரை மாடிச் சுவரிலிருந்து கொடிக் கம்பம் வரை கட்டி, ஒரு முனையை, டாங்கிளில் செருகும் எஸ்.எம்.ஏ. இணைப்பின் நடு ஊசியில் சேருங்கள். வி3 வைத்திருப்பவர்கள் நிரலில் டைரக்ட் சாம்பிளிங் என்பதை ‘கியூ’ கிளைக்கு மாற்ற வேண்டும். வி4 வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. முதலில் 720 கிலோஹெர்ட்ஸில் ஏ.எம். வைத்துச் சென்னை வானொலியைப் பிடியுங்கள். பிறகு காலை வேளைகளில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை எல்.எஸ்.பி. என்ற குரல் முறையில் மெல்ல நகருங்கள். தென்னிந்திய ஹாம்கள் பேசிக்கொள்வது அங்கேதான். குரல் வாத்து கத்துவதுபோல் இருந்தால் 50, 100 ஹெர்ட்ஸ் அளவில் நகர்த்த, மனிதக் குரலாகும்.

வி3இன் நேரடி மாதிரியில் ஒரு பொறி: 14.4 மெகாஹெர்ட்ஸ் கண்ணாடிபோல நடந்துகொள்ளும். 15.4இல் இருப்பது 13.4இலும் தெரியும். வடிகட்டியில்லாமல் இது தீராது.

செயற்கைக்கோள் படம்

பழைய வழிகாட்டிகள் எல்லாம் நோவா 15, 18, 19 வானிலைச் செயற்கைக்கோள்களைச் சொல்லும். அவை மூன்றும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. அந்த அதிர்வெண்களில் காத்திருந்து நேரத்தை வீணாக்காதீர்கள். இப்போது ரஷ்யாவின் மீட்டியார் எம்2-4ஐத் தேடுங்கள். 137.9 மெகாஹெர்ட்ஸில் டிஜிட்டலாக அனுப்புகிறது. சில காலங்களில் 137.1க்கு மாறும்.

பெரிய கம்பிகள் இரண்டையும் 53.4 சென்டிமீட்டருக்கு நீட்டி, நடுவில் 120 பாகை வரும்படி விரித்து, தரைக்கு இணையாகப் படுக்கவையுங்கள். விரிந்த வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும், ஏனென்றால் செயற்கைக்கோள் வடக்கு தெற்காகத்தான் போகிறது. இப்படிப் படுக்க வைப்பதில் ஒரு கூடுதல் லாபம்: செங்குத்தாக நிற்கும் தரைக் கோபுரங்களின் சமிக்ஞை குறைவாகவே உள்ளே வரும்.

சாட்டம்ப் என்ற இலவச நிரல், செயற்கைக்கோள் நம் வானத்தைக் கடக்கும் நேரத்தையும் சொல்லும், படத்தையும் பிரிக்கும். சென்னையின் இருப்பிடத்தை (அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27) அதில் கொடுத்து, உச்ச உயரம் 40 பாகைக்கு மேல் வரும் பகல் கடப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிடம் முன்பே மாடிக்குப் போய் டாங்கிளைச் சூடாக விடுங்கள். வாட்டர்ஃபாலில் சுமார் 120 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு மேடை எழும். செயற்கைக்கோள் நெருங்கும்போது மேலேயும் விலகும்போது கீழேயுமாக அலை 3 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். இவ்வளவு அகலத்துக்கு அது ஒன்றுமில்லை, திருத்த வேண்டாம்.

நேரலையில் பிரிப்பதோடு, மூலப் பதிவையும் கோப்பாகச் சேமியுங்கள். ஏதாவது அமைப்பு தவறாக இருந்தாலும் அதிலிருந்து மறுபடி பிரித்துக்கொள்ளலாம். 2.4 மெகாஹெர்ட்ஸில் 8 பிட் பதிவு நொடிக்கு 4.8 மெகாபைட், பத்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 2.9 ஜிகாபைட். சாம்பிள் ரேட்டை 1.024க்கு இறக்கினால் அதில் பாதிக்கும் குறைவு. இந்தச் செயற்கைக்கோளுக்கு அது தாராளம்.

படம் வரிவரியாக வரும்போது கறுப்புப் பட்டைகள் விழுந்தால், அந்த நொடிகளில் சமிக்ஞை அறுந்திருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் விழுந்தால் அடிவானத்துக் கட்டடங்கள் காரணம். நடுவில் விழுந்தால் கெயினைப் பாருங்கள், அல்லது அந்நேரம் மாடியில் யாரோ ஆன்டெனாவுக்கும் வானத்துக்கும் குறுக்கே நின்றிருப்பார்கள். எல்லாம் சரியாக அமைந்தால் இலங்கையும் வங்காள விரிகுடாவின் மேகங்களும் ஒரே சட்டத்தில் வரும். வடக்கு நோக்கிப் போகும் கடப்பில் படம் தலைகீழாக இருந்தால் பயப்பட வேண்டாம். நிரலில் 180 பாகை திருப்பிவிட்டு, கடற்கரைக் கோடு வரையும் வசதியைப் போட்டுப் பார்த்தால் ஊர் எங்கே என்று தெரியும்.